ஸ்பீடு 200, பிங் 400: ஆன்லைன் கேமில் லேக் எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பது எப்படி

திருச்சியில் சித்தி வீட்டில் போன வருடம் இதே பேச்சுதான். சித்தி மகன் தினமும் ராத்திரி வாலரண்ட் விளையாடுவான். எட்டு, எட்டரை வரைக்கும் பிங் (நாம் அனுப்பும் தகவல் கேம் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லிசெகண்ட்) 35 பக்கத்தில் அமைதியாக நிற்கும். ஒன்பது அடித்ததும் 300, 400 என்று துள்ளும். முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகவே அடங்கிவிடும். நெட்தான் சரியில்லை என்று 50 எம்பிபிஎஸ் (Mbps) வேக பிளானை 200 ஆக்கினார்கள். ரவுட்டரை மாற்றினார்கள். விண்டோஸைக்கூட அழித்துப் புதிதாகப் போட்டான். ஒன்பது மணி லேக் அசையவில்லை. கடைசியில் அரை மணி நேரத்தில் காரணம் கிடைத்தது, ஒரு பைசா செலவில்லாமல். அது என்ன என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன். எப்படிக் கிடைத்தது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நாம் எல்லோரும் செய்கிற தப்பு, லேக் வந்ததும் கையில் கிடைத்ததையெல்லாம் மாற்றிப் பார்ப்பது. உங்கள் கம்ப்யூட்டருக்கும் கேம் சர்வருக்கும் நடுவில் மூன்று துண்டுப் பாதை இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து நெட்காரரின் முதல் பெட்டி வரை இன்னொன்று, அங்கிருந்து சர்வர் வரை மூன்றாவது. எந்தத் துண்டில் கோளாறு என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள்.

இது நெட் லேக்தானா?

மவுஸைச் சுழற்றும்போது திரையே திக்கித் திக்கி நகர்ந்தால் அது நெட் பிரச்சினை இல்லை. கிராபிக்ஸ் கார்டோ, பிராசஸரோ, சூடோ காரணம். உங்கள் பார்வை வழவழவென்று திரும்புகிறது, ஆனால் எதிரி இங்கிருந்து அங்கே தாவுகிறான், ஓடிப்போன உங்களை யாரோ பின்னால் இழுத்து விடுகிறார்கள், சுவருக்குப் பின்னால் போன பிறகும் சுடப்பட்டுச் சாகிறீர்கள் என்றால் அது நெட்.

கேம் செட்டிங்கிலேயே இதைக் காட்டும் எண்கள் இருக்கும். வாலரண்டில் வீடியோ பகுதிக்குள் ஸ்டேட்ஸ் என்ற இடத்தில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது), நெட்வொர்க் ஆர்டிடி (பிங்தான்), பாக்கெட் லாஸ் மூன்றையும் ஓட விடுங்கள். எஃப்பிஎஸ் விழும்போது பிங் அப்படியே இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஃபேனில் படிந்த தூசியைத் துடைக்கப் போகலாம். போனில் பிஜிஎம்ஐ விளையாடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சார்ஜ் போட்டபடியே, கவரைக் கழற்றாமல், மே மாதத்தில் விளையாடினால் போன் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழி நெட் மேல் விழும்.

அப்புறம், பிங் என்ற ஒரு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எப்போதும் 70-லேயே நிற்கும் பிங்கில் நிம்மதியாக விளையாடலாம், கை பழகிவிடும். 30-க்கும் 150-க்கும் இடையே ஆடும் பிங்கில் முடியாது. அந்த ஆட்டத்துக்குத்தான் ஜிட்டர் என்று பெயர். அனுப்பிய பாக்கெட் (டேட்டாவின் சிறு பொட்டலம்) போய்ச் சேராமலே தொலைவது பாக்கெட் லாஸ். மூன்றில் அதிகம் கடுப்பேற்றுவது அதுதான்.

எவ்வளவு பிங் நியாயம்?

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது போய்த் திரும்ப, 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக 10 மில்லிசெகண்டுக்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் பல பெட்டிகளில் ஏறி இறங்குகிறது. அதனால் நிஜத்தில் 25, 30 வந்தாலே நல்ல லைன். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் அதன் வழியாகக் குறைந்தது 32 மில்லிசெகண்ட். எந்த பூஸ்டர் ஆப்பும் இந்தக் கணக்கை மாற்றாது.

அதனால் கேம் எந்த ஊர் சர்வரில் உங்களைப் போடுகிறது என்று முதலில் பாருங்கள். வாலரண்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. சிஎஸ் 2, டோட்டா 2 கேம்களை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்குச் சென்னையிலும் மும்பையிலும் இடம் இருக்கிறது. ஆள் கிடைக்காத நேரத்தில் கேம் உங்களைச் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ தள்ளிவிடலாம். சிஎஸ் 2-வில் ஏற்றுக்கொள்ளும் அதிகபட்ச பிங் என்று ஒரு செட்டிங் உண்டு. அதைக் குறைத்து வைத்தால் மேட்ச் கிடைக்கக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் தூரத்து சர்வரில் மாட்ட மாட்டீர்கள். நண்பர்களில் ஒருவன் துபாயில் இருந்து பார்ட்டியில் சேர்ந்திருந்தால் பிங் ஏறுவது சகஜம். அதற்கு மருந்து இல்லை.

மூன்று விண்டோ சோதனை

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள் (கமாண்டுகள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்). டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பது உங்கள் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. சில கனெக்ஷன்களில் 192.168.29.1 என்று இருக்கும். அடுத்து டிரேசர்ட் -டி 8.8.8.8 (tracert -d 8.8.8.8) என்று அடியுங்கள், அந்த எண் கூகுளின் பொது சர்வர் ஒன்றின் முகவரி. வரிசையாகப் பல முகவரிகள் வரும். முதல் வரி உங்கள் ரவுட்டர். இரண்டாவது வரி உங்கள் நெட்காரரின் முதல் பெட்டி. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பதில் தராத ரகமாக இருந்தால் மூன்றாவது வரியை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது மூன்று கமாண்ட் விண்டோக்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டர் முகவரிக்கு, ஒன்றில் நெட்காரர் பெட்டிக்கு, ஒன்றில் 8.8.8.8-க்கு, பிங் -டி (ping -t) போட்டு ஓட விடுங்கள். -t போட்டால் நிறுத்தும் வரை ஓடும். மூன்றையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லேக் வருகிற அந்த நேரத்தில் கேமை விளையாடுங்கள். காலை பத்து மணிக்குச் சோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. லேக் அடித்ததும் ஆல்ட்-டேப் போட்டு மூன்றையும் பாருங்கள்.

முதல் விண்டோவில் 2, 1, 2, 187, 2, 1, 94, 2 என்று துள்ளினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். ரவுட்டர் பத்தடி தூரத்தில் இருக்கிறது, அதற்கு 187 மில்லிசெகண்ட் ஆக ஒரு நியாயமும் இல்லை. முதலாவது 1, 1, 1 என்று நிற்க, இரண்டாவது எகிறினால் வீட்டுக்கும் நெட்காரருக்கும் நடுவில், அல்லது அந்த லைனையே உங்கள் வீட்டில் யாரோ நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். முதல் இரண்டும் அமைதி, மூன்றாவது மட்டும் குதிக்கிறது என்றால் நெட்காரரின் முதல் பெட்டிக்கு அப்பால். மூன்றுமே அமைதி, கேமில் மட்டும் லேக் என்றால் கேம் சர்வர் அல்லது அதற்குப் போகும் பாதை. கண்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினால் எத்தனை பாக்கெட் போனது, எத்தனை தொலைந்தது என்ற கணக்கும் கீழே வரும். இதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் விண்டோ துள்ளினால்: வைஃபை

ஒரு லேன் வயரை எடுத்துக் கம்ப்யூட்டரை நேராக ரவுட்டரில் செருகுங்கள். பாதிப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். கேட் 5இ (Cat 5e) ரக லேன் வயரே ஒரு ஜிகாபிட் வரை தாங்கும், நூறு மீட்டர் வரை இழுக்கலாம், கேமுக்கு அதுவே தாராளம். ஒரு எச்சரிக்கை: வயரில் எட்டு கம்பியும் பிளக்கில் சரியாகக் கிரிம்ப் ஆகாமல் நாலு கம்பி மட்டும் வேலை செய்தால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். பிங்குக்கு அதனால் பாதிப்பில்லை. ஆனால் கிளிப் உடைந்த, ஆடுகிற பிளக் என்றால் பாக்கெட் லாஸே வரும்.

வயர் இழுக்க முடியாத வீடு என்றால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றே மூன்று: 1, 6, 11. அபார்ட்மென்டில் இருபது வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றில்தான் அடித்துப் புரள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் ஹெட்செட்டும் அதே அலைவரிசையில். ரவுட்டர் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் எதில் ஒட்டியிருக்கிறது என்றே தெரியாது. செட்டிங்கில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிட்டு, கேம் ஆடும் கருவியை 5-இல் மட்டும் இணையுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸுக்குச் சுவர் ஆகாது. நம் வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் இரும்பு பீரோ, பீரோவில் கண்ணாடி. ரவுட்டரை டிவிக்குப் பின்னாலோ பரணிலோ ஒளித்து வைக்கும் பழக்கம் வேறு. கண்ணுக்கு அழகாக இருக்காதுதான், ஆனாலும் அது திறந்த இடத்தில், தலைக்கு மேல் உயரத்தில் இருக்கட்டும். வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் எக்ஸ்டெண்டர் வேண்டாம். அது ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு தடவை காற்றில் அனுப்புகிறது. அதற்குப் பதில் பழைய ரவுட்டர் ஒன்றை லேன் வயரில் கோத்து, ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (வைஃபை மட்டும் கொடுக்கும் மோடு) வையுங்கள்.

இரண்டாவது விண்டோ, ஒன்பது மணி

சித்தி வீட்டில் அன்று ராத்திரி நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் விண்டோ 1, 1, 1. இரண்டாவது 6, 5, 6. ஒன்பதே கால் இருக்கும், இரண்டாவது திடீரென்று 380, 412, 395. முதலாவது அசையவில்லை. ரவுட்டருக்குள் போய் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தோம். ஒரு போன் மட்டும் அப்லோடு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது. சித்தியின் போன். சீரியல் முடிந்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போவார். சார்ஜில் இருக்கும்போது மட்டும் போட்டோ, வீடியோக்களை மேலே ஏற்றும்படி யாரோ செட் செய்திருக்கிறார்கள். அந்த யாரோ, மகன்தான்.

பிளானை 200 ஆக்கியதில் டவுன்லோடு ஏறியது, அப்லோடு 10 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றது. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். விளையாடும்போது கேம் இழுக்கும் டேட்டா 1 எம்பிபிஎஸ்கூட வராது, ஸ்பீடு அதற்கு எப்போதும் போதும். சிக்கல் வரிசையில். ரவுட்டர் அனுப்ப முடியாத பாக்கெட்டுகளை ஒரு பஃபரில் சேர்த்து வைக்கும். அதில் அரை மெகாபைட் போட்டோ காத்திருந்தால், 10 எம்பிபிஎஸ் லைனில் அது காலியாக 0.4 நொடி ஆகும். உங்கள் துப்பாக்கிக் குண்டு அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. 400 மில்லிசெகண்ட் கணக்கு அப்படியே பொருந்துகிறது, பாருங்கள். இதற்குப் பஃபர்புளோட் என்று பெயர். ரேஷன் கடையில் ஒரே ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர், இருபது கிலோ அரிசி வாங்குபவர்களுக்குப் பின்னால் நிற்பது மாதிரி.

சோதிப்பது சுலபம். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். டவுன்லோடு பகுதியிலோ அப்லோடு பகுதியிலோ பிங் நூறு, இருநூறு என்று ஏறினால் இதே நோய்தான். மருந்துகளில் முதலாவது, குற்றவாளியைப் பிடிப்பது: போட்டோ பேக்கப், ஸ்டீம் என்ற கேம் கடை ஆப்பின் அப்டேட், விண்டோஸ் அப்டேட்டை மற்ற கம்ப்யூட்டர்களோடு பகிரும் டெலிவரி ஆப்டிமைசேஷன், வீடியோவை வெளியே அனுப்பும் சிசிடிவி. இவற்றின் நேரத்தை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள், அல்லது வேகத்துக்கு வரம்பு வையுங்கள். ஸ்டீமில் அதற்குச் செட்டிங்கிலேயே இடம் இருக்கிறது.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், எஸ்கியூஎம் (SQM, இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) உள்ள ரவுட்டர். ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச மென்பொருளைப் போட முடிகிற ரவுட்டர்களில் இது கிடைக்கும். உள்ளே வேலை செய்வது எஃப்கியூ-கோடெல் அல்லது கேக் என்ற வரிசை முறை. ஒவ்வொரு டேட்டா ஓட்டத்துக்கும் தனி வரிசை கொடுத்து, தீப்பெட்டிக்காரரை முன்னால் விட்டுவிடும். அதில் வேகத்தை உண்மையான வேகத்தின் 85 முதல் 90 சதவீதமாக வையுங்கள். கொஞ்சம் ஸ்பீடு போகும், அழாதீர்கள். வரிசை நெட்காரரின் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டரிலேயே சேர வேண்டும், அப்போதுதான் அதை ஒழுங்குபடுத்த முடியும். கனெக்ஷனோடு கொடுக்கும் பெட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது. கருவிக்கு இவ்வளவு வேகம் என்று கட்டுப்படுத்தும் வசதியாவது இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். சித்தி போனுக்கு 4 எம்பிபிஎஸ் அப்லோடு என்று வைத்தோம். அவருக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் யாரும் எதையும் ஏற்றவில்லை, ஆனாலும் இரண்டாவது எகிறுகிறது

அப்படியானால் லைன். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். சிமிட்டாவிட்டாலும், பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர் (Rx Power, வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு) என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் விளிம்பில் தொங்குகிறது. வீட்டுக்குள் வரும் மஞ்சள் அல்லது கறுப்பு வயரை ஜன்னல் கதவு நசுக்குகிறதா, ஆணியில் மடக்கிச் சுற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் வெளிச்சம் கசிந்துவிடும். டெக்னீஷியனிடம் 'லேக் அடிக்குது' என்றால் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து 200 வருகிறதே என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். 'பவர் மைனஸ் 28 காட்டுது' என்று சொல்லிப் பாருங்கள், கனெக்டரை வெட்டி மாற்றுவார்.

பவர் நன்றாக இருந்தும் ராத்திரி எட்டு முதல் பதினொன்று வரை மட்டும் மோசம் என்றால் நெரிசல். தெருவே ஒரே நேரத்தில் படம் பார்க்கிறது, தெருவுக்கு நெட்காரர் ஒதுக்கியிருக்கும் அளவு போதவில்லை. காலை ஆறு மணிக்கு ஒன்று, இரவு ஒன்பதரைக்கு ஒன்று என்று மூன்று நாள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வீட்டில் எல்லாக் கருவியையும் அணைத்துவிட்டு, லேன் வயரில். அதை எழுத்தில் புகாராக அனுப்புங்கள். சரியாகவில்லை என்றால் வேறு கனெக்ஷன்தான். பக்கத்து வீட்டில் யார் கனெக்ஷன், ராத்திரி எப்படி என்று கேட்டுவிட்டு மாறுங்கள். விளம்பரத்தைப் பார்த்து வேண்டாம்.

மூன்றாவது விண்டோவும் அதற்கு அப்பாலும்

வின்எம்டிஆர் என்ற இலவசக் கருவி, வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை பாக்கெட் தொலைகிறது என்று காட்டும். இதைப் படிப்பதில் ஒரு பொறி. நடுவில் ஒரு வரியில் 60 சதவீத லாஸ் என்று வந்து, அதற்குக் கீழே எல்லா வரியும் பூஜ்யம் என்றால் அது பிரச்சினையே இல்லை. அந்தப் பெட்டி பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வரியில் தொடங்கிய லாஸ் கடைசி வரி வரை தொடர்ந்தால்தான் நிஜம்.

சில சிறிய நெட்காரர்களிடம் சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் பாக்கெட் சிங்கப்பூர் போய்த் திரும்பி வரும். பிங் 35-க்குப் பதில் 100-க்கு மேல் நிற்கும், நாள் முழுக்க. நல்ல விபிஎன் (நம் டேட்டாவைத் தன் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) ஒன்று பிங்கைக் குறைக்கும் இடம் இது ஒன்றுதான், ஏனென்றால் அது பாதையை மாற்றுகிறது. மற்ற எல்லா இடத்திலும் விபிஎன் ஒரு சுற்றைக் கூட்டும். கடல் கேபிள் அறுந்தால் நம் கையில் ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஐரோப்பா, வளைகுடா பக்கம் போகும் பாதைகள் சுற்றிப் போயின. அந்த மாதிரி நாளில் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, மும்பை சர்வரில் விளையாடுங்கள்.

டிஎன்எஸ்ஸை 1.1.1.1-க்கு மாற்றினால் பிங் குறையும் என்று பல வீடியோக்கள் சொல்லும். டிஎன்எஸ் பெயரைப் பார்த்து முகவரி சொல்லும் வேலையோடு நிற்கிறது. மேட்ச் ஓடும்போது அதற்கு அங்கே வேலையில்லை. கேம் பூஸ்டர் ஆப்புகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கனெக்ஷனே விழுகிறது, பார்ட்டியில் சேர முடியவில்லை

வாய்ஸ் கேட்கவில்லை, நண்பன் லாபிக்குள் வர முடியவில்லை, நாட் டைப் ஸ்ட்ரிக்ட் (NAT Type: Strict) என்று வருகிறது: ரவுட்டரில் யூபிஎன்பி (UPnP, கேமுக்கு வேண்டிய வழியைத் தானாகத் திறந்துவிடும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் ரவுட்டரின் வேன் (WAN) முகவரியை, அதாவது நெட்காரர் பக்கம் அதற்கு இருக்கும் முகவரியை, பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். அதாவது ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டரில் அந்த வழியைக் கையால் திறப்பது) எவ்வளவு செய்தாலும் பலிக்காது. நெட்காரரிடம் பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும், சிலர் மாதக் கட்டணம் கேட்பார்கள். ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் வைத்திருந்தாலும் இதே தொல்லை வரும். ஒன்றை பிரிட்ஜ் மோடுக்கு (வெறும் பாலமாக மட்டும் இருக்கும் மோடு) மாற்றுங்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் விளையாடுபவர்கள் ஜிட்டரை முழுசாக ஒழிக்க முடியாது. டவர் ஒன்று, ஆள் பலர். ஜன்னல் ஓரம் வையுங்கள், வைஃபைக்குப் பதில் யூஎஸ்பி வயரில் டெதரிங் செய்யுங்கள். 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவினால் ஏதாவது ஒன்றில் பூட்டி வையுங்கள்.

கடைசியாகக் கரண்ட். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் ரவுட்டர் அணைந்து எழும், அது எழுந்து கனெக்ட் ஆவதற்குள் மேட்ச் போய்விடும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்துப் போடுங்கள். இரண்டுக்கும் எவ்வளவு வோல்ட், எவ்வளவு ஆம்பியர் என்று அடாப்டரில் படித்துவிட்டு வாங்குங்கள். யுபிஎஸ் போட்ட பிறகும் கரண்ட் போனதும் நெட் விழுகிறது, ஆனால் ரவுட்டர் விளக்கு எரிகிறது என்றால், அணைந்தது உங்கள் வீட்டில் இல்லை. தெருமுனைக் கம்பத்தில் லோக்கல் கேபிள்காரர் மாட்டியிருக்கும் பெட்டிக்குப் பேட்டரி செத்துவிட்டது. அவருக்குப் போன் போடுங்கள்.